பேரம் பேசுகிறார்கள் என்று சொன்னேன்

2022 ஆவணி மாதம். காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாண மண்டபம். என் அத்தையின் பேத்திக்குத் திருமணம். பந்தியில் எனக்குப் பக்கத்தில் என் அத்தை மகன் உட்கார்ந்திருந்தான். என்னைவிட மூன்று வயது சின்னவன். சிறு வயதில் பள்ளி விடுமுறை முழுவதும் நான் அவன் வீட்டில்தான் இருப்பேன். ஏரியில் நீச்சல் பழகியது அவனோடு. ஏற்றக் கிணற்றில் விழுந்து அவன் அப்பா கையால் அடி வாங்கியதும் அவனோடுதான்.

அவன் ஊர் பரந்தூரை ஒட்டியது. அதற்குச் சற்று முன்புதான் சென்னையின் இரண்டாவது விமான நிலையத்துக்குப் பரந்தூர் தேர்வாகியிருக்கிறது என்று அறிவிப்பு வந்திருந்தது. அதற்குச் சில நாட்கள் முன்பே, ஜூலை 26 முதல், ஏகனாபுரத்தில் மக்கள் கூடிப் போராட ஆரம்பித்துவிட்டார்கள். பந்தியில் அந்தப் பேச்சு வராமல் இருக்குமா? வந்தது. எதிர் வரிசையில் இருந்த யாரோ, "உங்க ஊருல என்னப்பா தினம் கூட்டமாமே?" என்று கேட்டார். அவன் பதில் சொல்வதற்குள் நான் சிரித்துக்கொண்டே சொன்னேன்:

"எல்லாம் ரேட் ஏத்தறதுக்குத்தான். எத்தனை எடுப்பு பாத்திருக்கேன். கடைசியில கையெழுத்து போட்டு வாங்கிக்குவாங்க."

நாலு பேர் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. இலையில் சாம்பார் சாதம் பாதி இருந்தது. இலையை மடித்துவிட்டு எழுந்து போனான். கை கழுவிக்கொண்டு வருவான் என்று நினைத்தேன். வரவில்லை. அதன் பிறகு ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் எங்களுக்குள் பேச்சு இல்லை.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், நான் அன்று சொன்ன அதே வாக்கியத்தை இன்றும் தினம் கேட்கிறேன். ஸ்ரீபெரும்புதூரில் காலை நடைக்குப் போகும் எங்கள் கூட்டத்தில் கேட்கிறேன். டீக்கடையில் கேட்கிறேன். ஒரகடம் கம்பெனியில் வேலை பார்க்கும் என் மகனின் நண்பர்கள் சொல்லக் கேட்கிறேன். சொல்பவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. நானும் கெட்டவன் இல்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதலில் என் தரப்பைச் சொல்லிவிடுகிறேன். நான் 34 ஆண்டுகள் ஒரு தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் வேலை பார்த்தவன். அதில் பதினோரு ஆண்டுகள் இந்தப் பக்கத்துக் கிளைகளில். இருங்காட்டுக்கோட்டைக்கு ஹூண்டாய் வந்த காலம். 1996-இல் அடிக்கல், 1998-இல் முதல் கார். பிறகு 2006-இல் நோக்கியா வந்தது. 2010-ஐ ஒட்டி ஒரகடத்தில் ரெனோ-நிசான், அப்பல்லோ டயர்ஸ் என்று வரிசையாக வந்தன. வல்லம் வடகால், மாம்பாக்கம், பிள்ளைப்பாக்கம் என்று சிப்காட் விரிந்துகொண்டே போனது. ஒவ்வொரு முறை நிலம் எடுக்கும்போதும் இழப்பீட்டுக் காசோலை எங்கள் கவுண்டருக்கு வரும். பிக்சட் டெபாசிட் போட வைப்பது என் வேலை.

அந்தப் பணம் என்ன ஆயிற்று என்று கண்ணால் பார்த்தவன் நான். டெபாசிட் போட்ட ஆறாவது மாதம் வந்து உடைப்பார்கள். முதலில் மகள் கல்யாணம். பிறகு மகனுக்கு பைக். பிறகு மாடி வீடு. இரண்டாவது ஆண்டில் பாஸ்புக்கில் நான்கு இலக்கம் இருக்கும். இதையெல்லாம் பார்த்துவிட்டு, "நம்ம ஜனங்களுக்குப் பணத்தை வச்சுக்கத் தெரியாது" என்று கிளையில் பேசிக்கொள்வோம். எல்லாரும் கடைசியில் வாங்கிக்கொள்வார்கள், வாங்கிச் செலவழிப்பார்கள் என்பது எங்களுக்கு அனுபவத்தில் கிடைத்த உண்மையாகத் தோன்றியது. பந்தியில் நான் பேசியது அந்த அனுபவத்தின் திமிரில்தான்.

ஆனால் அதே பதினோரு ஆண்டுகளில் நான் பார்த்த வேறு சில விஷயங்களும் உண்டு. அவற்றை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை.

ஒரு பெரியவர் ஞாபகம் வருகிறார். ஒன்றரை ஏக்கர் கொடுத்தவர். பணத்தைத் தொடாமல் வைத்திருந்த சிலரில் ஒருவர். மாதா மாதம் வட்டி வாங்க வருவார். வாங்கிய பிறகும் போகமாட்டார். கிளையின் பெஞ்சில் மதியம் வரை உட்கார்ந்திருப்பார். ஒரு நாள், "வீட்டுக்குப் போகலையா ஐயா?" என்று கேட்டேன். "போய் இன்னா பண்றது சார்? இந்நேரத்துக்கு வயல்லதான் இருப்பேன்" என்றார். அவருக்கு அப்போது ஐம்பத்தைந்து வயது இருக்கும். இன்று எனக்கு அறுபத்தெட்டு. ரிட்டயர் ஆன முதல் வருடம் பத்து மணிக்கு என்ன செய்வது என்று தெரியாமல் நான் திண்டாடியபோதுதான் அவர் சொன்னது எனக்கு முழுவதுமாகப் புரிந்தது. எனக்காவது பென்ஷன் இருந்தது, ரிட்டயர் ஆகும் தேதி முன்கூட்டியே தெரிந்திருந்தது.

இன்னொன்று. கம்பெனி வந்தால் வேலை கிடைக்கும் என்றார்கள். கிடைத்தது, யாருக்கு? ஐடிஐ, டிப்ளமோ முடித்த இருபது வயதுப் பையன்களுக்கு. அதிலும் பலருக்கு ட்ரெயினி, கான்ட்ராக்ட் என்று இரண்டு மூன்று ஆண்டுகள்தான். நிலம் கொடுத்த நாற்பத்தைந்து வயதுக்காரருக்குக் கிடைத்தது செக்யூரிட்டி உடுப்பு. தான் ஏர் ஓட்டிய இடத்தின் கேட்டில் நின்று உள்ளே போகிற காருக்கு சல்யூட் அடித்தவரை எனக்குத் தெரியும். அந்த வேலையும் நிலையா? நோக்கியா 2006-இல் உற்பத்தியைத் தொடங்கி 2014 நவம்பரில் நிறுத்தியது. எட்டே ஆண்டுகள். வேலை போனவர்கள் ஆயிரக்கணக்கில். பிறகு அந்த வளாகத்துக்கு வேறு கம்பெனி வந்தது என்பது உண்மை. ஆனால் கம்பெனி போனாலும் நிலம் திரும்பி வராது.

மூன்றாவதுதான் என்னை அதிகம் உறுத்துவது. இழப்பீடு வாங்க எங்கள் கவுண்டருக்கு வந்தவர்கள் எல்லாம் பட்டா வைத்திருந்தவர்கள். அந்த நிலத்தில் நாற்று நட்டவர்கள், களை எடுத்தவர்கள், வாரத்துக்கு உழுதவர்கள், ஏரிக்கரையில் மாடு மேய்த்தவர்கள் யாரும் வரவில்லை. பெரும்பாலும் காலனிக்காரர்கள். அவர்கள் பெயரில் பட்டா இல்லை, அதனால் காசோலையும் இல்லை. வங்கியில் இருந்து பார்த்தால் அவர்கள் கண்ணில் படவே மாட்டார்கள். "எத்தனை எடுப்பு பாத்திருக்கேன்" என்று நான் பெருமையாகச் சொன்னேனே, நான் பார்த்தது பாதிதான்.

நல்லதும் நடந்தது. அதை மறைக்க மாட்டேன். கொடுத்த பணத்தில் வரிசை வீடு கட்டி வாடகைக்கு விட்டவர்கள் இன்று நன்றாக இருக்கிறார்கள். பெண் பிள்ளைகள் கம்பெனி பஸ் ஏறி வேலைக்குப் போய், தன் சம்பளத்தில் தன் நகையைத் தானே வாங்கியதைப் பார்த்திருக்கிறேன். என் மகன் சென்னைக்குக் குடிபோகாமல் என்னோடு இருக்கிறான் என்றால் அது ஒரகடத்தால்தான். என் வீடு நிற்கும் மனைகூட 1990-களில் நெல் விளைந்த இடம். இந்த வளர்ச்சியால் எனக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை, லாபம்தான். அதனால்தான் சொல்கிறேன், லாபம் அடைந்தவன் வாயிலிருந்து "அவங்க பேரம் பேசறாங்க" என்ற சொல் வரக்கூடாது.

இப்போது நகரத்துப் பக்கத்து வாதத்தைப் பார்ப்போம். அதிலும் நியாயம் இருக்கிறது. எங்கள் நடைக் கூட்டத்தில் ஒரு நண்பர். மத்திய அரசு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், மயிலாப்பூரிலிருந்து இங்கே அடுக்குமாடிக்குக் குடி வந்தவர். அவர் சொல்வார்: "மீனம்பாக்கத்தைச் சுற்றிலும் வீடு, ஆறு, மலை. இனி எங்கே சார் பெரிசு பண்றது? பெங்களூரும் ஹைதராபாதும் 2008-இல் புது ஏர்போர்ட் கட்டி நம்மைத் தாண்டிப் போயாச்சு. நாலு ஊருக்காக ஒரு மாநிலமே காத்திருக்கணுமா?"

அவர் சொல்வதில் முதல் பாதி சரி. பயணிகள் எண்ணிக்கையில் அந்த இரண்டு நகரங்களும் சென்னையை முந்திவிட்டன. நம் பக்கத்தில் செய்யும் போனும் உதிரி பாகமும் வெளிநாடு போக வேண்டும். இரண்டாவது விமான நிலையம் வேண்டும் என்றுதான் நானும் நினைக்கிறேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

இரண்டாவது பாதிதான் இடிக்கிறது. "நாலு ஊர்" என்பது பேச்சுக்குச் சொல்வது. முதலில் 13 கிராமங்கள் என்றார்கள். 2023-இல் அரசாணை வந்தபோது 20 கிராமங்களில் 5,746 ஏக்கர். அதில் பட்டா நிலம் மட்டும் 3,700 ஏக்கருக்கு மேல். மீதி அரசு நிலம். அரசு நிலம் என்றால் வெறும் பொட்டல் இல்லை, ஏரியும் குளமும் கால்வாயும் அதில்தான் வருகின்றன. பாலாற்றுத் தண்ணீரைக் கொண்டு வரும் கம்பன் கால்வாய் அந்த வழியாகத்தான் ஓடுகிறது. 40 கிலோமீட்டருக்கு மேல் ஓடி, வழியில் பல ஏரிகளை நிரப்பி, கடைசியில் எங்கள் ஸ்ரீபெரும்புதூர் ஏரியில் சேர்கிறது. ஸ்ரீபெரும்புதூர் ஏரி நிரம்பினால் தண்ணீர் செம்பரம்பாக்கத்துக்குப் போகும். செம்பரம்பாக்கம் நிரம்பித் திறந்தால் என்ன ஆகும் என்பதை 2015 டிசம்பரில் மயிலாப்பூர் நண்பருக்கும் தெரியும், சைதாப்பேட்டைக்காரருக்கும் தெரியும். மேலே தண்ணீர் நிற்கும் இடத்தை எப்படி மாற்றப் போகிறோம் என்பது ஏகனாபுரத்துக்காரர் மட்டும் கேட்க வேண்டிய கேள்வியா? சென்னையிலிருப்பவர்தான் அவருக்கு முன்னால் நின்று கேட்க வேண்டும்.

2024 ஏப்ரல் 19 மக்களவைத் தேர்தலை ஏகனாபுரம் மக்கள் புறக்கணித்தார்கள். வாக்குச்சாவடி வெறிச்சோடிக் கிடந்தது. மறுநாள் நடையில் ஒருவர் சொன்னார்: "ஓட்டே போடாதவங்களுக்குக் கேக்க என்ன உரிமை?" நானும் அன்று தலையாட்டினேன். பிறகு யோசித்தேன். அவர்கள் ஓட்டே போடாதவர்கள் இல்லையே. காலம் காலமாக வரிசையில் நின்று போட்டவர்கள். திட்டம் வந்த பிறகும் கிராம சபையில் ஒன்றல்ல, பல முறை எதிர்ப்புத் தீர்மானம் போட்டார்கள். கிராம சபை என்பது சட்டப்படி உள்ள அமைப்பு. அங்கே கை தூக்கியதை யாரும் எண்ணவில்லை என்றால், சாவடியில் மை வைத்துக்கொள்வதில் அவனுக்கு என்ன நம்பிக்கை இருக்கும்?

இந்த நில எடுப்பு நடப்பது 1997-இல் நம் மாநிலம் கொண்டு வந்த தொழில் நோக்கங்களுக்கான நில எடுப்புச் சட்டத்தின் கீழ். 2013-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய நில எடுப்புச் சட்டத்தில், ஊர் மக்கள் மீது என்ன பாதிப்பு என்று முன்கூட்டியே ஆய்வு செய்து, அதைப் பொதுவில் வைத்துக் கேட்க வேண்டும் என்று இருக்கிறது. நம் மாநிலச் சட்டத்தில் எடுக்கும் நிலத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. இழப்பீட்டுக் கணக்கு மட்டும் 2013 சட்டத்தை ஒட்டி வரும். ஆக, "எவ்வளவு தருகிறார்கள்" என்பதற்குச் சட்டம் இருக்கிறது. "உன்னைக் கேட்டார்களா" என்பதற்கு இல்லை. கேட்காமல் எடுக்கும் இடத்தில் பேசுவதற்கு விலை ஒன்றுதான் மிச்சம் இருக்கும். அதையும் பேசினால் பேராசை என்கிறோம்.

கட்சிகளைப் பற்றி அதிகம் எழுத வேண்டாம் என்று பார்க்கிறேன். நான் எந்தக் கட்சியும் இல்லை. 2018-இல் சேலம் எட்டு வழிச் சாலையை எதிர்த்து விவசாயிக்காகப் பேசியவர்கள் ஆட்சிக்கு வந்ததும் பரந்தூருக்கு வளர்ச்சி பற்றிப் பேசுகிறார்கள். அன்று வளர்ச்சி பற்றிப் பேசியவர்கள் இன்று விவசாயி பற்றிப் பேசுகிறார்கள். 2025 ஜனவரி 20 அன்று விஜய் வந்து போராட்டக்காரர்களைச் சந்தித்தபோது போராட்டம் தொடங்கி 900 நாட்களைத் தாண்டியிருந்தது. அன்று தொலைக்காட்சி வண்டிகள் வரிசை கட்டின. முந்தைய நாள் மாலையும் அதற்கு அடுத்த நாள் மாலையும் அதே மக்கள் அதே இடத்தில் உட்கார்ந்திருப்பார்கள், அப்போது எந்த வண்டி வந்தது?

கிராமத்துப் பக்கமும் தப்பு இல்லாமல் இல்லை. 2025 ஜூலையில் சிலர் நிலத்தைக் கொடுத்துப் பத்திரம் பதிந்தார்கள். அவர்களைத் துரோகி என்று பேசினவர்கள் உண்டு. கடன் இருக்கும், படிப்புச் செலவு இருக்கும், வெளியூரில் பிள்ளை இருக்கும், விவசாயமே வேண்டாம் என்று அலுத்தும் போயிருக்கும். கொடுக்க விரும்புகிறவனும் ஊர்க்காரன்தான். அதே போல், நம் பக்கத்து வரிசை வீட்டுக்காரர்கள் ஒடிசா, பீகார் பையன்களை ஒரு அறையில் எட்டுப் பேர் போட்டு ஆளுக்கு இவ்வளவு என்று வாடகை வாங்கிக்கொண்டு, "வடக்கன் வந்து ஊரே கெட்டுப் போச்சு" என்று பேசுவதைக் கேட்டிருக்கிறேன். 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் வட மாநிலத் தொழிலாளர்களை அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. பயந்துபோய் எத்தனையோ பேர் ரயில் ஏறினார்கள். வாடகை நின்ற பிறகுதான் அவர்கள் அருமை சிலருக்குத் தெரிந்தது. நகரத்தான் கிராமத்தானை "அவங்க" என்கிறான். கிராமத்தான் வடக்கிலிருந்து வந்தவனை "அவங்க" என்கிறான். எல்லாரும் எதிராளியின் மனதுக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்த மாதிரி பேசுகிறோம்.

சரி, என் கதைக்கு வருகிறேன். 2025 ஆடியில் அத்தைக்கு உடம்பு சரியில்லை என்று தகவல் வந்தது. தொண்ணூறு வயது. பார்க்காமல் இருக்க முடியுமா? பஸ் பிடித்துப் போனேன். அத்தை கட்டிலில் படுத்திருந்தாள். என்னை அடையாளம் தெரிந்துகொண்டாள். அவன் திண்ணையில் உட்கார்ந்திருந்தான். "வா" என்றான். அவ்வளவுதான். அவன் மனைவி மோர் கொடுத்தாள்.

சாயங்காலம் நான் கிளம்பும்போது அவனே கூப்பிட்டான். வீட்டுக்குப் பின்னால் கழனிக்குப் போனோம். கிணறு, மோட்டார் கொட்டகை, நாலு தென்னை. சொர்ணவாரி அறுவடைக்கு நெல் முற்றி நின்றது. வரப்பில் உட்கார்ந்ததும் அவன் கேட்டான்:

"நீ பேங்க்ல இருந்தவன். கணக்கு போட்டுச் சொல்லு மச்சான். அவங்க குடுக்கற பணத்துல, இதே மாதிரி ஒரு ஏக்கர், கிணத்தோட, கரண்டோட, எங்க வாங்கலாம்?"

எனக்குக் கோபம் வரவில்லை. இது எனக்குத் தெரிந்த வேலை. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தேன். அரசு அறிவித்த தொகையை எழுதினேன். எனக்குத் தெரிந்த நிலத் தரகர் ஒருவருக்குப் போன் போட்டேன். வாலாஜாபாத் பக்கம் கேட்டேன். காஞ்சிபுரத்தைத் தாண்டிக் கேட்டேன். அரக்கோணம் வழியில் கேட்டேன். ஒவ்வோர் இடத்திலும் ஒரே பதில்தான். ஏக்கர் கணக்கில் கேட்டால் சதுர அடிக் கணக்கில் விலை சொன்னார்கள். விமான நிலையம் வருகிறது என்ற செய்தியே சுற்றுவட்டார விலையை ஏற்றிவிட்டது. எடுக்கப்படும் நிலத்துக்கு மட்டும் பழைய பத்திரப் பதிவுகளை வைத்து மதிப்புப் போட்டு, அதன் மேல் மடங்கு போட்டுத் தருகிறார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் நிலத்துக்கு நாளைய விலை. வேலிக்கு உள்ளே இருப்பதற்கு நேற்றைய விலையின் மடங்கு. தண்ணீர் உள்ள ஒரு ஏக்கர் வேண்டும் என்றால் வந்தவாசி தாண்டிப் போகச் சொன்னார் தரகர்.

காகிதத்தில் நான் போட்ட கணக்கு எத்தனை முறை போட்டாலும் பொருந்தவில்லை. பேனாவை மூடினேன். பந்தியில் "நாலு மடங்கு குடுக்கறாங்களே" என்று நானும் பேசியவன்தான். எதன் நாலு மடங்கு என்று முப்பத்து நான்கு வருடம் கணக்கு எழுதிய நான் கேட்கவில்லை.

"அப்போ நீ ஏர்போர்ட்டே வேணாங்கறியா?" என்று கேட்டேன்.

"நான் வேணாம்னுதான் சொல்வேன். எங்கப்பாவைக் கொளுத்தினது அந்த ஏரிக்கரையில. நீ வேணும்னு சொல்லிக்க. உனக்கு வேணும்னா வேணும். உன்னோட சண்டை போட மாட்டேன். ஆனா ரேட் ஏத்திக்கினு உக்காந்துகீறோம்னு மட்டும் சொல்லாத மச்சான். மூணு வருசமா பகல்ல வேலை செஞ்சிட்டு ராவுல போய் உக்கார்றோம். ரேட்டுக்கா ஒருத்தன் மூணு வருசம் உக்காருவான்?"

எனக்குப் பதில் வரவில்லை. அன்று கடைசி பஸ் போய்விட்டது. அங்கேயே படுத்தேன்.

நான் மனம் மாறி விமான நிலையமே வேண்டாம் என்று சொல்லப் போகிறேன் என்று நினைத்தால், அது இல்லை. அவன் வேண்டாம் என்கிறான். நான் வேண்டும் என்கிறேன். இடம் பரந்தூர்தானா என்பதில் எனக்குத் தடுமாற்றம் உண்டு. ஆனால் இந்தக் கருத்து வேறுபாடு நாங்கள் மூன்று வருடம் பேசாமல் இருக்கப் போதுமான காரணம் இல்லை. பேச்சை நிறுத்தியது என் கருத்து இல்லை. அவன் மனதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும் என்று நான் நினைத்தேன், அதுதான்.

இங்கே பெங்களூரையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். நம்மவர்கள் உதாரணம் காட்டும் அதே தேவனஹள்ளியில், விமான நிலையம் வந்து பதின்மூன்று ஆண்டுகள் ஆன பிறகும், சென்னராயபட்டணம் பகுதியில் விமானத் தொழில் பூங்காவுக்கு என்று 1,777 ஏக்கர் எடுக்கப் போனார்கள். விவசாயிகள் மூன்று ஆண்டுகளுக்கு மேல் போராடினார்கள். 2025 ஜூலை 15 அன்று முதலமைச்சர் சித்தராமையா அந்த எடுப்பைக் கைவிடுவதாக அறிவித்தார், தாமாக முன்வந்து கொடுப்பவர்களிடம் மட்டும் வாங்குவோம் என்றார். இதிலிருந்து எனக்கு இரண்டு விஷயம் தெரிகிறது. விமான நிலையத்தோடு நில எடுப்பு முடிவதில்லை, அதைச் சுற்றி அடுத்தது வரும். பரந்தூரில் இல்லாத பக்கத்து ஊர்க்காரர்களும் இதை யோசிக்க வேண்டும். இன்னொன்று, அரசு நினைத்தால் கேட்டு வாங்க முடியும். வானம் இடிந்து விழாது.

எனக்குத் தோன்றும் யோசனை பெரிதாக ஒன்றும் இல்லை. ஏக்கருக்கு இவ்வளவு லட்சம் என்று அறிவிப்பதற்கு முன், அந்தப் பணத்துக்குத் தண்ணீரோடு ஒரு ஏக்கர் எங்கே கிடைக்கும் என்று அதிகாரிகள் ஒரு முறை தரகருக்குப் போன் போட்டுப் பார்க்கட்டும். கிடைக்காது என்றால், நிலத்துக்கு நிலம் தரும் வழியைப் பார்க்கட்டும். பட்டா இல்லாத கூலிக்காரரின் பெயரும் அந்தப் பட்டியலில் இருக்கட்டும். ஏரிக்குப் பதில் என்ன என்பதை ஊரில் வைத்துத் தமிழில் சொல்லட்டும். இவ்வளவையும் செய்த பிறகும் ஒருவர் மறுத்தால், அப்போது வேண்டுமானால் நாம் நடையில் அவரைப் பற்றிப் பேசலாம்.

நம் வயதுக்காரர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்று. நம்மில் முக்கால்வாசிப் பேர் ஏதோ ஒரு கிராமத்திலிருந்து வந்தவர்கள்தான். நம் பிள்ளைகளுக்கு அந்த ஊரின் பெயர்தான் தெரியும், வழி தெரியாது. அவர்கள் முன்னால் "அந்த ஜனங்க அப்படித்தான்" என்று நாம் சொன்னால், அவர்களுக்குக் கிராமத்தைப் பற்றித் தெரிந்தது அதுவாகவே நின்றுவிடும். என் மகன் முன்னால் அதை நான் எத்தனை முறை சொல்லியிருப்பேனோ.

மயிலாப்பூர் நண்பரிடம் இதையெல்லாம் ஒரு நாள் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "சரி சார், ஆனா ஏர்போர்ட் வேணுமா வேண்டாமா?" என்றார். வேண்டும் என்றேன். "அப்புறம் என்ன?" என்றார். அடுத்த முறை நான் ஊருக்குப் போகும்போது கூட வருகிறீர்களா என்று கேட்டேன். முட்டி வலி என்றார். பஸ் வேண்டாம், என் மகன் காரில் கூட்டிப் போவான் என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.

அத்தை இப்போது எழுந்து உட்காருகிறாள். போன வாரம் மச்சான் போன் செய்தான். சொர்ணவாரி அறுத்தாயிற்றாம். சம்பா நடவும் முடிந்துவிட்டதாம். எடுக்கப் போகும் பட்டியலில் இருக்கும் நிலத்தில் ஏன் நட்டாய் என்று நான் கேட்கவில்லை. தை மாதம் அறுப்புக்கு வா என்றான். வருகிறேன் என்றேன்.